சம்மதம் என்னும் ஒரு சொல்

பங்குத்தந்தையின் அலுவலக அலமாரியில் திருமுழுக்குப் பதிவேடும் இறப்புப் பதிவேடும் இருப்பது போலவே திருமணப் பதிவேடும் இருக்கும். முதல் இரண்டையும்விட மூன்றாவது ஏட்டைத் திறக்கும்போது குருவானவருக்குச் சற்றுக் கூடுதலான கவனம் வேண்டியிருக்கிறது. அந்த ஏட்டில் இரண்டு சட்டங்கள் ஒரே வரியில் சந்திக்கின்றன. மணமக்களின் பெயர், வயது, பெற்றோர், சாட்சிகள் ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் இடும்போது அவர் திருச்சபைச் சட்டத்தை நிறைவேற்றுகிறார். அதே கையொப்பத்தால் 1872ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தையும் நிறைவேற்றுகிறார். கத்தோலிக்கக் குருக்கள் நடத்திவைக்கும் திருமணங்களை மறைமாவட்ட ஆயர் பணிக்கும் முறையில் பதிவு செய்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அரசின் பதிவுத்துறைக்கு விவரம் அனுப்ப வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. வெள்ளையர் ஆட்சியில் பிறந்த சட்டம், நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தும் நம் பீடத்தருகே நின்றுகொண்டிருக்கிறது.

ஆயினும் திருமணத்தை உண்டாக்குவது அந்த ஏடு அன்று, அரசும் அன்று, குருவும் அல்லர். மணமகனும் மணமகளும் விடுதலை உள்ளத்தோடு சொல்லும் சம்மதமே அதை உண்டாக்குகிறது. இலத்தீன் திருச்சபையின் மரபில் இந்த அருளடையாளத்தின் பணியாளர்கள் மணமக்களே. குரு, திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் சாட்சி. அந்தச் சம்மதத்தை எந்த மனித அதிகாரமும் ஈடுசெய்ய இயலாது என்று 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1057ஆம் சட்டம் கற்பிக்கிறது. குருமடத்தில் பயின்ற நாள்களில் இது எங்களுக்குத் தேர்வில் எழுதும் ஒரு விடை. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கால் நூற்றாண்டு பணியாற்றிய பின், இவ்வொரு சொல் திருமணத்தைத் தாண்டியும் நமக்கு ஒளி தருகிறது என்றே எண்ணத் தோன்றுகிறது. ஒருவரது நம்பிக்கையையும் அரசியல் கருத்தையும்கூட அவருக்காக வேறொருவர் சொல்லிவிட முடியாது அன்றோ!

அன்பியத்தில் எழுந்த சொற்போர்

2023ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், பொது சிவில் சட்டம் குறித்துப் பொதுமக்களும் சமய அமைப்புகளும் கருத்துத் தெரிவிக்கலாம் என 22ஆவது சட்ட ஆணையம் அறிவித்தது. முதலில் 30 நாள் தவணை. பின்னர் அது ஜூலை 28 வரை நீட்டிக்கப்பட்டது. அந்த ஆறு வார காலத்தில் நம் பங்குகளில் நடந்த விவாதங்கள் பலருக்கும் நினைவிருக்கும்.

நான் பணியாற்றிய பங்கில் அன்பியக் கூட்டம் ஒன்றில் இருவர் கடுமையாக மோதிக்கொண்டனர். ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பொதுச் சட்டம் வந்தால் நம் ஆலயத் திருமணம் வெறும் சடங்காகிவிடும், சிறுபான்மையினரின் அடையாளம் அழியும் என்பது அவர் கவலை. மற்றவர் இரும்புக்கடை நடத்தும் நடுவயதினர். ஒரு நாட்டில் குடும்பத்துக்கு ஒரு சட்டம் இருப்பதில் என்ன குற்றம், நம்மவர்கள் எதற்கெடுத்தாலும் அஞ்சுவது ஏன் என்பது அவர் வினா. வாதம் மெல்ல ஆள்மீது திரும்பியது. ஒருவர் மற்றவரை விலைபோனவர் என்றார்; மற்றவர் இவரைக் காலம் மாறியது அறியாதவர் என்றார். அடுத்த ஞாயிறு திருப்பலியில் அமைதியைப் பகிரும் வேளையில் இருவரும் வெவ்வேறு திசை நோக்கிக் கைகூப்பினர்.

இரண்டாம் கூட்டத்தில், அதுவரை பேசாதிருந்த ஒரு தாய் எழுந்தார். அறுபது வயதைக் கடந்தவர். விடியற்காலையில் மல்லிகைப் பூக் கொய்து மாட்டுத்தாவணிச் சந்தைக்கு அனுப்புகிற குடும்பம். “சாமி, புதுச் சட்டம் வந்தா என்ன ஆகும்னு அண்ணன்மார் ரெண்டு பேரும் சொல்றாங்க. இருக்கிற சட்டம் எனக்கு என்ன செஞ்சுச்சுன்னு யாரும் கேக்கலையே” என்றார்.

பின் அவர் சொன்னது இது: 1990களில் அவரும் அடுத்த வீட்டுப் பெண்ணும் தத்தம் கணவரிடம் அடிபட்டு வாழ்ந்தார்கள். இருவரும் ஒரே வழக்கறிஞரிடம் சென்றார்கள். அடுத்த வீட்டுப் பெண் இந்து. கொடுமையைக் காரணம் காட்டி அவர் மணமுறிவு பெற வழி இருந்தது. இவரிடம் வழக்கறிஞர், “நீங்கள் கிறிஸ்தவர், அடித்தார் என்பது மட்டும் போதாது, வேறு பெண்ணோடு தொடர்பு உண்டு என்பதையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும்” என்றாராம். “எனக்கு மறுகல்யாணம் வேணாம் சாமி. அந்தாள் வீட்டுக்குள்ள வராம இருக்கணும், அவ்வளவுதான் கேட்டேன். ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி அடி. ஆனா சட்டம் மட்டும் வேற வேற” என்று சொல்லி அமர்ந்தார். அறையில் அதன்பின் சற்று நேரம் எவரும் பேசவில்லை.

நம் சட்டத்தின் கதை

அத்தாய் கூறியதில் மிகை ஏதும் இல்லை. 1869ஆம் ஆண்டின் இந்திய மணமுறிவுச் சட்டம் கிறிஸ்தவக் கணவனுக்கு ஓர் அளவுகோலும் மனைவிக்கு வேறோர் அளவுகோலும் வைத்திருந்தது. மனைவி பிறன்மனை நாடினாள் என்று காட்டினால் கணவன் மணமுறிவு பெறலாம். மனைவியோ, கணவனின் பிறன்மனை நாட்டத்தோடு கொடுமையையோ இரண்டாண்டு கைவிடுதலையோ சேர்த்து மெய்ப்பிக்க வேண்டும். கொடுமை மட்டும் இருந்தால் பிரிந்து வாழும் ஆணையோடு நிற்க வேண்டியதுதான். இங்கிலாந்தில் இவ்வேறுபாடு 1923இலேயே நீக்கப்பட்டது. இங்கே அது நூற்றாண்டின் இறுதிவரை நிலைத்தது. கேரள உயர்நீதிமன்றம் 1995இல் அப்பிரிவின் அநீதியான பகுதிகளைத் தள்ளுபடி செய்தது. கிறிஸ்தவப் பெண்கள் அமைப்புகளும் திருச்சபைகள் சிலவும் நெடுங்காலம் முயன்றதன் பயனாக, 2001இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவுகோலை வகுத்தது.

இத்திருத்தம் வாஜ்பாய் அவர்களின் அரசு பதவியில் இருந்தபோது நிறைவேறியது. அவ்வரசுக்கு வாக்களியாத கிறிஸ்தவர் நம்மில் பலர். எனினும் நம் சகோதரிகளுக்கு 132 ஆண்டுகள் மறுக்கப்பட்ட நீதி அந்த நாடாளுமன்றத்தின் வழியே வந்தது என்பதை ஏற்பதில் நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. நன்மை நாம் விரும்பும் கட்சியின் வாசல் வழியே மட்டும்தான் வரவேண்டும் என்று ஆண்டவருக்கு நாம் கட்டளையிட முடியாது.

மணமுறிவுக்குத் திருச்சபை ஒப்புவதில்லையே, அப்படியிருக்க அச்சட்டத்தின் நீதி அநீதி பற்றி நமக்கென்ன என்று சிலர் கேட்கக்கூடும். திருமுழுக்குப் பெற்ற இருவரிடையே முறையாக நிறைவேறிய திருமணப் பிணைப்பை மனிதர் முறிக்க இயலாது என்பது நம் மாறாத நம்பிக்கை. ஆனால் உயிருக்கோ உள்ளத்துக்கோ பேரிடர் நேரும்போது வாழ்க்கைத் துணைவர் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டமே இடம் தருகிறது. பிள்ளைகளின் பராமரிப்பையும் உரிமைகளையும் காக்க வேறு வழி இல்லாதபோது நாட்டுச் சட்டப்படியான மணமுறிவைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றும் நம் மறைக்கல்வி ஏடு கூறுகிறது. மோசே தந்த மணவிலக்குச் சீட்டு மனிதரின் கடின உள்ளத்தை முன்னிட்டு வந்தது என்று ஆண்டவர் சொன்னபோது, படைப்பின் தொடக்கத்தில் இருந்த மேன்மையான நோக்கத்தை நினைவூட்டினார். அதே சொல்லால், நினைத்தபோது விரட்டப்படும் நிலையிலிருந்து பெண்ணையும் காத்தார். இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் நாம் போதிக்க முடியாது.

இரண்டு நீதிமன்றங்கள்

நாட்டுச் சட்டமும் திருச்சபைச் சட்டமும் வேறு வேறு என்பதை நம் மக்கள் பலர் இன்னும் தெளிவாக அறியவில்லை. திருச்சபையின் தீர்ப்பாயம் ஒரு திருமணம் தொடக்கமுதலே செல்லாதது என்று தீர்ப்பளித்தாலும், அது நாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புக்கு ஈடாகாது என்று உச்சநீதிமன்றம் 1996இல் மோலி ஜோசப் வழக்கில் கூறியது. திருச்சபைத் தீர்ப்புக்குச் சட்ட வலிமை வேண்டும் என்று தொடுக்கப்பட்ட மனுவையும் அந்நீதிமன்றம் 2017 சனவரியில் ஏற்கவில்லை. எனவே மறைமாவட்டத் தீர்ப்பாயத்தின் மடலை மட்டும் நம்பி மறுமணம் செய்பவர் நாட்டுச் சட்டத்தின் முன் குற்றவாளி ஆகக்கூடும். நீதிமன்ற ஆணையை மட்டும் கையில் ஏந்தி ஆலயத்துக்கு வருபவருக்கும் இங்கே மணம் முடிக்க இயலாது. இரண்டு வாசல்களிலும் தட்ட வேண்டிய இந்தச் சுமையை உணர்ந்தே திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் திருச்சபையின் விசாரணை முறையை எளிதாக்கி, இரண்டாவது உறுதிப்படுத்தும் தீர்ப்பு தேவையில்லை என்று ஆணையிட்டார்.

இவ்வேறுபாட்டை உணர்ந்தால் நம் அச்சம் பாதி குறையும். அரசு திருமணத்தைப் பதிவு செய்யலாம். சொத்தையும் பிள்ளைகளையும் பற்றி விதி வகுக்கலாம். அருளடையாளத்தைத் தரவும் அதனால் முடியாது, பறிக்கவும் முடியாது. கோவாவில் 1867ஆம் ஆண்டின் போர்ச்சுக்கீசியச் சிவில் சட்டம், சில விதிவிலக்குகளோடு, எல்லாச் சமயத்தாருக்கும் குடும்பச் சட்டமாக இருந்துவருகிறது. அங்கே ஆலயத் திருமணம் மறைந்துவிடவில்லை.

பிறர் இல்லத்துத் திருமணம்

மதுரைக்குத் தெற்கே அருப்புக்கோட்டையை அடுத்துச் சுக்கிலநத்தம் என்றொரு சிற்றூர் உண்டு. 1928இல் அங்கே பெரியார் நடத்திவைத்த திருமணமே முதல் சுயமரியாதைத் திருமணம் எனப் போற்றப்படுகிறது. புரோகிதரும் வேள்வியும் இன்றி, சான்றோர் முன்னிலையில் மணமக்கள் ஒருவரையொருவர் ஏற்ற நிகழ்ச்சி அது. அத்தகைய திருமணம் சட்டப்படி செல்லாது என்று 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவ்வழியில் இணைந்த எத்தனையோ குடும்பங்கள் சட்டத்தின் பார்வையில் குடும்பங்களே அல்ல என்றாகிப் போயின. 1967இல் அண்ணா அவர்களின் அரசு கொண்டுவந்த திருத்தம் இத்திருமணங்களுக்கு, முன்னர் நடந்தவற்றையும் சேர்த்து, சட்ட ஏற்பளித்தது.

கடவுள் மறுப்பாளர் நடத்திய மணம் என்று நம் முன்னோர் சிலர் இதனை இகழ்ந்ததுண்டு. ஆனால் நம் திருச்சபை வரலாற்றைச் சற்றே திருப்பிப் பார்ப்போம். திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் ஆணை பிறப்பிக்கும் வரையில், குருவும் சாட்சிகளும் இன்றி இருவர் தமக்குள் சொல்லிக்கொண்ட சம்மதத்தையும் திருச்சபை, முறையற்றது என்று கண்டித்தபோதிலும், செல்லத்தக்க திருமணமாகவே கருதியது. மறைமுகத் திருமணங்களால் பெண்கள் ஏமாற்றப்பட்டுக் கைவிடப்பட்டமையால் பங்குத்தந்தையும் சாட்சிகளும் கட்டாயம் என்று சங்கம் வகுத்தது. இன்றும் குரு கிடைக்கப் பெறாத பேரிடர் நிலையில் இரு சாட்சிகள் முன் சொல்லும் சம்மதம் போதும் என 1116ஆம் சட்டம் இடம் தருகிறது. அப்படியானால் சுக்கிலநத்தத்தில் ஒலித்த சம்மதம் என்னும் சொல்லுக்கு நாம் அந்நியர் அல்லோம். அவர்களோடு நமக்குக் கடவுளைப் பற்றிய கருத்து வேறுபாடு உண்டு, பெரிய வேறுபாடுதான். ஆயினும் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரும் விடுதலையான சொல்லுக்கு மதிப்பளிக்க வேண்டும் என்பதில் அவர்களும் நாமும் ஒரே பந்தியில் அமரலாம்.

ஓரியூரின் செம்மண்

திருமணச் சட்டத்துக்காக நம் மண்ணில் சிந்தப்பட்ட குருதியை மறந்து இதனை எழுத இயலாது. மதுரை மறைத்தளத்தின் புனித அருளானந்தர் 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு மறைசாட்சியானார். மறவர் குலத் தலைவரான தடியத்தேவர் திருமுழுக்குப் பெற விரும்பியபோது, மனைவியர் பலருள் ஒருவரை மட்டும் ஏற்று வாழ வேண்டும் என்று அருளானந்தர் உறுதியாகச் சொன்னார். விலக்கப்பட்ட மனைவியருள் இளையவர் கிழவன் சேதுபதி மன்னரின் உறவினர். அவர் மன்னரிடம் முறையிட்டார். அந்த முறையீடே புனிதரின் சாவுக்கு வழிவகுத்தது.

இவ்வரலாற்றை ஆண்டுதோறும் மறையுரையில் சொல்கிறோம். புனிதரின் துணிவைப் புகழ்கிறோம், அது தக்கதே. அந்த இளைய பெண்ணை மட்டும் வஞ்சகி என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். சற்று நின்று எண்ணுவோம். தானே கேளாத ஒரு மாற்றத்தால், ஒரே நாளில் மனைவி என்னும் நிலையை இழந்தவர் அவர். அக்காலச் சமுதாயத்தில் அதன் பொருள் என்ன என்பதை ஊகிக்க அரும்பாடு பட வேண்டியதில்லை. அவருடைய சினத்தால் விளைந்த கொலை பெரும் பாவம். சினத்துக்குக் காரணமான காயமோ மெய்யானது. அருளானந்தர் காத்த நெறி உண்மை என்பதால் அப்பெண்ணின் கண்ணீர் பொய்யாகிவிடாது. நெறியை நிலைநாட்டும்போது அதனால் வாழ்விடம் இழப்பவர் யார், அவரை யார் தாங்குவார் என்னும் கேள்வி திருச்சபைக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

அதே ஓரியூருக்கு இன்று மறவர் குலத்து மக்களும் பிற சமயத்தாரும் நேர்ச்சையோடு வருகின்றனர். அன்று பகைமையில் நனைந்த மண்ணை இன்று பல குலத்தாரும் நெற்றியில் இட்டுக்கொள்கின்றனர். பகை தீர முந்நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதில்லை. நாம் மனம் வைத்தால் விரைவாகவும் தீரும்.

நம் இல்லங்களில் சம்மதம்

நம் ஆலயத் திருமணத்துக்குப் பெரிய ஆபத்து தில்லியிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. அச்சத்தாலோ வன்முறையாலோ பெறப்படும் சம்மதம் செல்லாது என்று 1103ஆம் சட்டம் சொல்கிறது. ஆனால் நம் சமவெளி ஊர்களில் எத்தனை பெண்களிடம் உண்மையாகவே சம்மதம் கேட்கப்படுகிறது? ஓலை வாசிக்கும்போது தடை இருந்தால் தெரிவிக்குமாறு கேட்கிறோம். சாதி என்னும் தடையை எவரும் வெளியே சொல்வதில்லை. வீட்டுக்குள் அது எல்லாத் தடைகளையும்விட வலியதாக இருக்கிறது. 2016 மார்ச் மாதம் உடுமலைப்பேட்டையில் சங்கர் என்னும் இளைஞர், சாதி கடந்து மணந்த குற்றத்துக்காகப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அக்குடும்பங்கள் கிறிஸ்தவக் குடும்பங்கள் அல்ல என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. கிறிஸ்தவத் திருமண உரிமையைக் காக்கக் கோரும் மனுவில் முதல் ஆளாகக் கையொப்பமிடுபவர், அதே பங்கைச் சேர்ந்த வேறு சாதிக் கத்தோலிக்க இளைஞனுக்குத் தம் மகளைத் தர மறுப்பதை நாம் காணாமலா இருக்கிறோம்? அரசிடம் நாம் கேட்கும் விடுதலையை நம் பிள்ளைகளுக்கு முதலில் தருவோம்.

மாறுபடுவோரை அன்புசெய்தல்

பொது சிவில் சட்டம் பற்றி என் எண்ணத்தைக் கேட்பவர்களுக்கு நான் மறைப்பதில்லை. பெரும்பான்மையின் வலிமையால் மட்டும் ஒரு சமுதாயத்தின் இல்லறச் சட்டத்தை மாற்றுவது நன்றன்று. ஒவ்வொரு தனிச் சட்டத்திலும் உள்ள பாகுபாட்டை நீக்குவதே இப்போதைய தேவை என்று 21ஆவது சட்ட ஆணையம் 2018இல் கூறியதே எனக்கு ஏற்புடையது. அம்பேத்கர் அவர்களும் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய மன்றத்தில் பேசும்போது, அத்தகைய சட்டத்துக்கு உட்பட முன்வருவோருக்கு மட்டும் அது பொருந்தும்படி தொடங்கலாம் என்று ஒரு வழி காட்டினார். அங்கும் சம்மதமே அடித்தளம். உத்தரகாண்டில் பொதுச் சட்டம் 2025 சனவரி 27 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. பழங்குடியினருக்கு அதில் விலக்கு உண்டு. இவ்விவாதம் இன்னும் பல ஆண்டுகள் தொடரும். எனக்கு மாறான கருத்துக் கொண்டவர்கள் என் பங்கிலும் உண்டு. என் உடன்பிறந்தார் குடும்பத்திலும் உண்டு. அவர்களுக்கு நற்கருணை வழங்கும் கை தயங்குவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இதே அளவுகோல் வேறு காயங்களுக்கும் பொருந்தும். ஒரே பாலினத்தவரின் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு வழங்க உச்சநீதிமன்றம் 2023 அக்டோபர் 17ஆம் நாள் மறுத்தது. திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் உரியது என்னும் நம் போதனையை ஏற்றிருக்கும் நாம் அத்தீர்ப்பை வரவேற்கலாம். ஆனால் அன்று மாலை எங்கோ ஒரு வீட்டில் அழுதுகொண்டிருந்த இளைஞனையோ இளம்பெண்ணையோ எள்ளி நகையாட நமக்கு உரிமை இல்லை. அத்தகையோரை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும் என்று சொல்வதும் அதே திருச்சபைப் போதனைதான். அவர்களும் நம் ஊரார் பெற்ற பிள்ளைகள். சிலர் நம் பாடகர் குழுவிலேயே இருக்கக்கூடும்.

உரோமை அரசுக்கு வரி வசூலித்த மத்தேயுவையும் தீவிரவாதி எனப்பட்ட சீமோனையும் ஆண்டவர் ஒரே பந்தியில் அமர்த்தினார். அவர்கள் தத்தம் அரசியலை எப்போது விட்டார்கள், எவ்வளவு விட்டார்கள் என்று நற்செய்தி சொல்லவில்லை. ஒன்றாக அமர்ந்து அப்பம் உண்டார்கள் என்பதை மட்டும் அறிவோம்.

நம் அன்பியத்து அன்பர்கள் இருவரும் கருத்தில் ஒன்றுபடவில்லை. ஒவ்வொருவரும் தனித்தனியே சட்ட ஆணையத்துக்கு எழுதினார்கள். ஒருவர் வேண்டாம் என்றும் மற்றவர் வேண்டும் என்றும் எழுதிய அந்த இரண்டு மடல்களிலும், பூக் கொய்யும் தாயின் கேள்வி ஒரு பத்தியாக இடம்பெற்றிருந்தது. அனுப்புமுன் இருவரும் தத்தம் மடலை அவருக்கு வாசித்துக் காட்டிச் சரிதானா என்று கேட்டனர். அரசியலில் இன்றும் அவர்கள் எதிரெதிர்தான். ஆனால் ஒருவர் வீட்டு இழவுக்கும் விழாவுக்கும் மற்றவர் வராமல் இருப்பதில்லை.

அன்புக்குரியோரே, தேர்தல் வரும், சட்டம் வரும், தீர்ப்பும் வரும். அவற்றைப் பற்றி உங்கள் அன்பியத்தில் வாதம் எழுந்தால் எழட்டும். வாய் திறக்குமுன் அந்த அறையில் இருப்போரை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அச்சட்டத்தின் கீழ் வாழ்ந்து காயப்பட்டவர் யாரேனும் அங்கே அமைதியாக அமர்ந்திருக்கக்கூடும். முதலில் அவர் பேசட்டும்.